பாவம், மச்சானுக்கு ஒரு ஓட்டு

தன் செலவில் போட்ட பந்தலில், தன் வெற்றிக்காகக் கட்டிய மேடையில், தனக்கென்று வாங்கிய மாலை இன்னொருவன் கழுத்தில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே புன்னகை மாறாமல் வீற்றிருக்கும் கூட்டத் தலைவர், இந்தத் தேர்தலில் என்னிடம் தோற்றுப்போன என் அக்காள் கணவர், என் அருமை அத்தான் அவர்களே;

ஆளுங்கட்சியின் மாவட்டச் செயலாளராய், 'மாவட்டம்' என்ற ஒற்றைச் சொல்லால் ஊரே அழைக்கும் உயரத்தில் இருப்பவராய், மடியில் ஒரு தட்டும் தட்டில் ஒரு துண்டும் வைத்துக்கொண்டு, இவன் எப்போது முடிப்பான் என்று என் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் மாவட்டம் அவர்களே;

வயதால் மூத்து, வாக்கால் பழுத்து, நாற்காலி கிடைக்காவிட்டாலும் நின்றபடியே கேட்போம் என்று வந்திருக்கும் பெரியோர்களே; என்னிடம் வண்டி ஓட்டப் பழகி, முன்னால் மட்டும் போகத் தெரிந்து, பின்னால் எடுக்கச் சொன்னால் இன்றும் இறங்கி ஓடிவிடும் இளைஞர் பெருமக்களே; பெற்றவர்களாகவும் பெறாதவர்களாகவும் எனக்குச் சோறு போட்ட தாய்மார்களே; அந்தத் தாய்மார்களின் முன்வரிசையில், முகத்தை மட்டும் பேருந்து நிலையத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் என் உடன்பிறந்த அக்கா அவர்களே;

உங்கள் அனைவருக்கும், தேர்தலில் நிற்கத் தெரியாமல் நின்று, தோற்கத் தெரியாமல் ஜெயித்துவிட்ட ஒரு டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரின் பணிவான வணக்கம்.

கை தட்டாதீர்கள். அத்தான் சங்கடப்படுவார். சரி, அவரே தட்டுகிறார், நீங்களும் தட்டுங்கள்.

நண்பர்களே, நம் மாநிலத்தில் தேர்தல் என்றால் என்ன? ஆட்சி மாறும் என்ற அச்சமா? மாறாதா என்ற ஆசையா? இரண்டும் இல்லை. வெள்ளையடிப்பது போல, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அதே சுவரில் அதே நிறத்தை இன்னொரு முறை பூசுவதுதான் இங்கே தேர்தல். எதிர்க்கட்சிகள் இருந்தனவே, என்ன ஆயின? ஒன்று கரைந்தது. ஒன்று கலைந்தது. ஒன்று கட்டடத்தோடும் கதவோடும் ஆளுங்கட்சியில் சேர்ந்தது. இன்று நம் பிள்ளைகளுக்கு எதிர்க்கட்சி என்றால் என்னவென்று விளக்க வேண்டுமானால் படம் வரைந்துதான் காட்ட வேண்டும்.

முடிவு வந்த அன்று தொலைக்காட்சி பார்த்தீர்களா? மாநிலத்தின் வரைபடம் முழுக்க ஒரே நிறம். கிழக்கே அதே நிறம், மேற்கே அதே நிறம், மலையில் அதே நிறம், மண்ணில் அதே நிறம். நடுவில் மட்டும் வெளுத்த ஒரு புள்ளி. எங்கள் பக்கத்துக் கடை தையல்காரர், திரையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று ஈரத்துணி எடுத்துத் துடைத்தாராம். துடைக்கத் துடைக்கப் போகவில்லையாம். அப்புறம்தான் கீழே எழுத்து ஓடியிருக்கிறது. அந்தப் புள்ளி நாம்தான் ஐயா. அந்த அழுக்கு அடியேன்தான்.

இது எப்படி நடந்தது என்று பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்டார்கள். புரட்சியா என்றார்கள். அலையா என்றார்கள். நான் என்னத்தைச் சொல்ல? நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், தப்பு இருந்தால் தலைவர் திருத்தட்டும்.

வேட்புமனுவுக்குக் கடைசி நாள். மத்தியானம். என் ஸ்கூல் வாசலில் வண்டியின் பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அத்தான் வேகவேகமாக வந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"மச்சான், ஒரு உதவி."

"வண்டி வேணுமா அத்தான்? ரேடியேட்டர் கொதிக்குது, கொஞ்சம் பொறுங்க."

"வண்டி வேண்டாம். நீ என்னை எதிர்த்து நிக்கணும்."

எனக்குக் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவிவிட்டது. காரணத்தைக் கேட்டால், கட்சித் தலைமை ஒரு அறிவிப்பு விட்டிருக்கிறதாம். யார் அதிக ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கிறார்களோ அவர்களில் இருந்துதான் மந்திரிகளாம். நம் தொகுதியிலோ அத்தானை எதிர்த்து ஒரு ஈ கூட மனு போடவில்லை. போட்டியே இல்லை என்றால் எண்ணுவதற்கு ஓட்டு ஏது? ஓட்டே இல்லை என்றால் வித்தியாசம் ஏது? வித்தியாசம் இல்லை என்றால் மந்திரி பதவி ஏது? முப்பது வருஷமாகக் கட்சிக்காக உழைத்த மனிதர், தோற்கடிக்க ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்.

"மூணு மணிக்கு லேடீஸ் கிளாஸ் இருக்கே அத்தான்" என்றேன்.

"அரை மணி நேரத்துல வந்துடலாம் மச்சான். சும்மா ஒரு கையெழுத்து. நின்னு தோத்துட்டு, நீ உன் வேலையப் பாரு."

போனேன். என்னை முன்மொழிந்தவர்கள் யார் தெரியுமா? அத்தான் கட்சியின் ஆட்கள். எனக்கு போஸ்டர் அடித்தவர் யார்? அத்தான். அதில் என் படம் மங்கலாக இருக்கிறது என்று அச்சகத்தில் சண்டை போட்டவர் யார்? அதுவும் அத்தான். எனக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. என் தலையை ஒருமுறை பாருங்கள், தாய்மார்களே. இந்தத் தலையை வைத்துக்கொண்டு சீப்புக்கு ஓட்டுக் கேட்ட ஒரே மனிதன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

பிரச்சாரத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். "என்னை லேசா திட்டு மச்சான். ஒண்ணுமே திட்டலைன்னா சந்தேகப்படுவாங்க. கடைத்தெருச் சாக்கடையச் சொல்லு. பஸ் ஸ்டாண்டு விளக்கு எரியலைன்னு சொல்லு. பாலத்தை மட்டும் பேசாத."

பாலம் எது என்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் ஆற்றுக்கு நடுவே, இந்தக் கரையையும் தொடாமல் அந்தக் கரையையும் தொடாமல், கோபித்துக்கொண்ட மருமகன் போல் தனியாக நிற்கிறதே, அதுதான். தூண் உண்டு, தளம் உண்டு, ஏறத்தான் வழி கிடையாது. ஆஸ்பத்திரி அக்கரையில். பிரசவ வலி எடுத்த பெண்ணை ஊரெல்லாம் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும். எத்தனை முறை என் எல் போர்டு வண்டியில் நானே கொண்டுபோயிருக்கிறேன் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் பல தாய்மார்களுக்குத் தெரியும்.

நான் அத்தான் பேச்சைத் தட்டியதில்லை. ஊர் ஊராக, எல் போர்டு மாட்டிய அதே வண்டியில், சாக்கடை, விளக்கு, சாக்கடை, விளக்கு என்று பேசிக்கொண்டே போனேன். சந்தை வாசலில் காய்கறி விற்கும் அம்மா ஒருவர் மறித்தார். அதோ, மூலையில் சிரிக்கிறாரே, அவரேதான்.

"ஏங்க, எல்லாத்தையும் பேசுறீங்க. பாலத்தைப் பத்தி ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறீங்க?"

நான் ஒலிபெருக்கி கையில் இருப்பதை மறந்து, "அத்தான் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்மா" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

சந்தையே சிரித்தது. அத்தானும் அன்று இரவு சாப்பிடும்போது அதைக் கேட்டுச் சிரித்தார். அக்காதான் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் கொழுப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்து எண்ணிக்கை நாள். பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஒரே பெஞ்சில் நாங்கள் இருவரும். ஒரே பிளாஸ்க்கில் டீ. முதல் சுற்றில் நான் முன்னிலை. அத்தான் என் முதுகில் தட்டினார். "பாத்தியா, டெபாசிட் வந்துடும் போலிருக்கே மச்சான், நான் கவலைப்பட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார். அடுத்த சுற்றிலும் நான். அத்தான் டீயை மூடி வைத்தார். அதற்கடுத்த சுற்றில் சிரிப்பையும் மூடி வைத்தார். கடைசியில் வித்தியாசம் என்ன? அதிகமில்லை. நம் டவுன் பஸ் ஒன்றில் ஏற்றினால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள், சிலர் மட்டும் நின்றுகொண்டு வர வேண்டியிருக்கும்.

வெளியே பேண்டு வாத்தியக்காரர்கள் தயாராக நிற்கிறார்கள். மாஸ்டர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஐயா, அட்வான்ஸ் குடுத்தவருக்கு வாசிக்கவா, ஜெயிச்சவருக்கு வாசிக்கவா?" என்று கேட்டார். அத்தான் எழுந்தார். தனக்கு வைத்திருந்த மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டார். குரல் நடுங்காமல், "வாசிங்கப்பா, வந்த வேலையப் பாருங்க" என்றார். தோல்வியைத் தாங்கிய மனிதர்கள் உண்டு. தோல்விக்கு மேளம் வாசிக்கச் சொன்ன மனிதரை இந்த ஊர் இவரிடம்தான் பார்த்தது. இதற்குத் தட்டுங்கள் கையை.

ஆனால் என்னை ஜெயிக்க வைத்தது யார்? இதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. பிடிபட்டது எப்போது? மறுநாள் காலையில் டீக்கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டபோது.

"சார், மன்னிச்சுடுங்க. அவர் எப்படியும் ஜெயிச்சுடுவார், பாவம் நீங்க சைபர் வாங்கிடக் கூடாதேன்னு ஒரு ஓட்டு போட்டேன். நான் ஒருத்தன்தானே போட்டேன், இப்படி ஆகிப்போச்சே."

அடுத்து மருந்துக் கடைக்காரர். "நான் ஒருத்தன்தான் சார்." பிறகு பள்ளிக்கூட டீச்சரம்மா. "நான் மட்டும்தான்னு நெனச்சேன் சார்." அத்தான் கட்சியின் வார்டு செயலாளர்கள் மூன்று பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், என் ஸ்கூலின் பின்வாசல் வழியாக வந்தார்கள். மூன்றாமவர் வரும்போது இரண்டாமவர் என் வண்டியின் பின்சீட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அட, நான் பெயர் சொல்லவில்லை. ஏன் எழுந்து போகிறீர்கள்? நீங்களாகக் காட்டிக் கொடுத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

ஆக, ஊரே எனக்காகப் பாவப்பட்டிருக்கிறது. தனித்தனியாய், தயங்கித் தயங்கி, தாங்கள் ஒருவர்தான் என்று நினைத்து நினைத்து. இந்தக் கருணைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

கைம்மாறு என்னவென்று மாவட்டம் கொண்டுவந்திருக்கிறார். அந்தத் தட்டில் இருப்பது ஆளுங்கட்சித் துண்டு. இன்றைக்கு இந்த மேடையில் நான் அதைப் போட்டுக்கொண்டால் கணக்கு நேராகிவிடும், வரைபடத்தில் புள்ளி மறைந்துவிடும். போட்டுக்கொண்டால் பாலமும் வந்துவிடுமாம். மாவட்டம் அவர்களே, ரொம்ப சந்தோஷம். அந்தப் பாலத்தைக் கட்ட முடியும் என்கிற விஷயமே எங்களுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. இத்தனை வருஷமாக முடியாது என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?

போட்டுக்கொள்ளாவிட்டால்? அத்தானைக் கட்சியிலிருந்து எடுத்துவிடுவார்களாம். சொந்த மச்சானை நிறுத்திக் கட்சியைத் தோற்கடித்தவர் என்று பழி. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். மதியமும் இரவும் எனக்குச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். முடிவு வந்த அன்று இரவு வழக்கம்போலப் போனேன். அத்தானுக்குத் தட்டு இருந்தது. என் இடத்தில் தட்டு இல்லை. அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னார்: "எம்.எல்.ஏ. எல்லாம் இந்த வீட்டுல சாப்பிட மாட்டாங்க." அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய வாய் இன்னும் என்னிடம் திறக்கவில்லை. ஓட்டலில் சாப்பிடுகிறேன், ஐயா. சட்டமன்றத்தில் ஆளே இல்லாத பக்கத்தில் போய்த் தனியாக உட்கார எனக்குப் பயமில்லை. ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடத்தான் முடியவில்லை. அக்காவுக்காக அந்தத் துண்டை வாங்கிக்கொள்ளலாம் என்று நேற்று ராத்திரி முடிவே செய்துவிட்டேன்.

இன்று காலையில் ஒரு பெண் புதிதாக வண்டி பழக வந்தாள். ஸ்டீயரிங்கைத் தொடும் முன்னால் கேட்டாள்: "சார், உங்க பக்கமும் பிரேக் இருக்குல்ல?"

ஊர்ப் பெருமக்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், முதல் நாள் நீங்கள் கேட்டதும் இதைத்தானே? என் வண்டியில் பழகுபவர் காலடியில் ஒரு பிரேக், என் காலடியில் ஒரு பிரேக். என்னிடம் ஸ்டீயரிங் இல்லை. ஆக்சிலேட்டர் இல்லை. எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பது நான் இல்லை. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த இருக்கை காலி என்றால் நீங்கள் சாவியைத் திருகியிருப்பீர்களா? உங்கள் பிள்ளையைப் பின்சீட்டில் ஏற்றியிருப்பீர்களா? அக்கரை ஆஸ்பத்திரிக்கு உங்கள் மகளை அனுப்பியிருப்பீர்களா?

பாவம் பார்த்துப் போட்டோம் என்கிறீர்கள். யாரைப் பார்த்துப் பாவம்? இந்த மொட்டைத் தலையைப் பார்த்தா? இல்லை. காலியாகக் கிடக்கிற அந்த ஒரு பக்கத்தைப் பார்த்து. கேள்வி கேட்க ஆளில்லாத சபையைப் பார்த்து. கரை தொடாத பாலத்தைப் பார்த்து. ஓட்டுச்சாவடி மறைப்புக்குள்ளே, பார்ப்பவர் யாருமில்லாத அந்த ஒரு நிமிஷத்தில், உங்கள் கை உங்கள் மனசைக் கேட்டு நடந்தது. அதற்குப் பாவம் என்று பெயர் வைத்துக்கொண்டீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த இருக்கையை நான் காலி செய்ய மாட்டேன். தனி ஒருவனாய்ப் போவேன், தவறாமல் போவேன், தட்டினாலும் முட்டினாலும் எழுந்து நின்று பாலம் எங்கே என்று கேட்பேன். பதில் வரும் வரை கேட்பேன்.

மாவட்டம், தட்டைக் கீழே வையுங்கள், கை வலிக்கப் போகிறது.

அத்தான், மன்னியுங்கள். அக்கா, நீ இந்தப் பக்கம் திரும்ப வேண்டாம், காது கேட்டால் போதும். உன் புருஷன் முப்பது வருஷ உழைப்பை நான் கெடுக்கிறேன் என்று தெரிந்துதான் சொல்கிறேன். எனக்கும் வலிக்கிறது அக்கா.

என்ன அத்தான், எழுந்துவிட்டீர்கள்? மைக் வேண்டுமா? வேண்டாமா? அப்படியே சொல்லுங்கள், நான் திருப்பிச் சொல்கிறேன். பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் அமைதி. தலைவர் ஏதோ சொல்கிறார்.

தலைவர் சொல்கிறார்... அத்தான், நிஜமாவா?

சொல்லிவிடுகிறேன். "மச்சான் சைபர் வாங்கிட்டா வீட்டுல உன் அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு, நானும் சீப்புக்குத்தான் குத்தினேன்" என்கிறார். "நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன்" என்கிறார்.

சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

மாவட்டம் அவர்களே, இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? அத்தானைக் கட்சியை விட்டு எடுப்பீர்களா? எடுங்கள். ஆனால் இந்த ஊரில் உங்கள் கட்சி அட்டை வைத்திருப்பவர்களின் எண்ணிக்கையை விட அத்தான் வாங்கிய ஓட்டு குறைவு. அவரை எடுத்தால் எல்லோரையும் எடுக்க வேண்டும். எல்லோரையும் எடுத்தால் இந்தப் பந்தலில் கட்சிக்காரர் என்று நீங்கள் ஒருவர்தான் மிஞ்சுவீர்கள். உங்கள் ஓட்டும் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஏன் தலை குனிகிறீர்கள்? நான் கேட்கவில்லை, ஓட்டு ரகசியமானது.

பொறுங்கள். அக்கா எழுந்திருக்கிறார். இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார். அழுகிறாரா, சிரிக்கிறாரா, இங்கிருந்து தெரியவில்லை. அத்தானைப் பார்த்து என்னமோ கேட்கிறார். "நீங்களுமா?" என்கிறார்.

நீங்களுமா என்றால் என்ன அக்கா அர்த்தம்?

"நான் ஒருத்திதான்னு நெனச்சேன்டா. என்னாலதான் அவர் தோத்தார்னு நெனச்சு உன் மூஞ்சியப் பார்க்கவே முடியல."

கேட்டீர்களா? பின்வரிசைக்குக் கேட்டதா? கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

இருபதாவது நிமிஷத்தில் மணி அடிப்பேன் என்று தலைவர் சொல்லியிருந்தார். அவர் மணியை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், அதுவும் மாவட்டத்தின் தட்டில் இருந்த துண்டால். அவர் அடிக்காத மணியை அக்கா அடித்துவிட்டார். "பேசினது போதும், ரெண்டு பேரும் வாங்க, சாப்பாடு ஆறுது" என்கிறார். மேடை கட்டியவர்க்கும், ஒலிபெருக்கி வைத்தவர்க்கும், பாவம் பார்த்து ஒரு ஓட்டுப் போட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும், உங்களில் ஒருவராய் நின்ற என் அத்தானுக்கும் அக்காவுக்கும் என் நன்றி. எனக்குத் தட்டு வைத்துவிட்டார்கள், நான் கிளம்புகிறேன். வணக்கம்.